குதிரைமலை முதல் பாலாவி உப்பளம் வரை: புத்தளக் கரையும் வானியலுக்கு வந்த பணமும்

இலங்கையின் வானியல் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கருவிகளையும் கிரகணங்களையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இக்கட்டுரை கேட்பது வேறு கேள்வி. வானைப் பார்ப்பதற்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார்கள், அந்த நோக்கம் முடிந்த பிறகு யாருக்கு அதில் வேலை மிஞ்சியது? புத்தளம் மாவட்டத்துக் கரையில் நின்று இக்கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இத்தீவிலிருந்து வானைப் பற்றி வெளியுலகுக்குச் சென்ற மிகப் பழைய செய்திகளில் ஒன்று இக்கரையோடு இணைத்துப் பேசப்படுகிறது. வருங்காலத்தில் கோளியல் ஆய்வுக்கு இடம் தரக்கூடிய மண்ணும் இங்கேதான் கிடக்கிறது.

உரோம எழுத்தாளர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் ஆறாம் பகுதியில் ஒரு நிகழ்வைச் சொல்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரிடமிருந்து விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியக் கடலோரம் சென்றபோது காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ‘ஹிப்புரோஸ்’ துறையில் ஒதுங்கினான். அத்துறையை வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் உள்ள குதிரைமலையோடு பொருத்துவது ஆய்வாளர் பலரின் கருத்து. மன்னன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். வெவ்வேறு பேரரசர் முகங்களைத் தாங்கிய உரோமக் காசுகள் எல்லாம் ஒரே எடையில் இருந்தது மன்னனைக் கவர்ந்தது. ராக்கியாஸ் என்பவரின் தலைமையில் நால்வர் உரோமுக்குத் தூது போயினர். பிளினி இதைக் கிளாடியஸ் காலத்தது (கி.பி. 41–54) என்கிறார். எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறை ஒன்றிலோ, பிளோகாமஸின் ஆளான லைசாஸ் என்பவன் கி.பி. 6ஆம் ஆண்டு ஜூலையில் பொறித்த வரிகள் கிடைத்துள்ளன. ஆகவே அந்தக் கடற்பயணம் பிளினி காட்டும் காலத்துக்கு ஒரு தலைமுறை முந்தியதாகவும் இருக்கலாம்.

அத்தூதர் சொன்னதாகப் பிளினி தரும் வானச் செய்திகளே நமக்கு முக்கியமானவை. உரோமில் ஏழுமீன் கூட்டத்தையும் கார்த்திகையையும் கண்டு, புதிய வானத்தைப் பார்ப்பதுபோல் அவர்கள் வியந்தார்களாம். தங்கள் நாட்டில் இரவுக்கு ஒளி தருவது பெரிய அகத்திய மீன் என்றார்களாம். நிழல் வடக்கே விழுவதும் சூரியன் இடப்புறம் உதிப்பதும் அவர்களுக்குப் பெரும் அதிசயமாம்.

இவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புத்தளம் ஏறத்தாழ 8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. அகத்திய மீன் இங்கே தென்வானில் 29 பாகை வரை ஏறும். அலெக்சாந்திரியாவில் அது 6 பாகைக்குமேல் எழுவதில்லை. உரோமில் உதிப்பதே இல்லை. ஆகவே அகத்திய மீன் பற்றிய செய்தி சரி. கார்த்திகையோ இக்கரையில் உச்சிக்கு அருகிலேயே போகும். அதைக் காணாதவர் என்று இங்கத்திய ஒருவரையும் சொல்ல முடியாது. ஏழுமீனும் வடவானில் நன்றாகத் தெரியும். ஆனால் உரோமில்போல் இரவு முழுவதும் மறையாமல் நிற்காது. நிழல் செய்தி பாதி சரி. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் தலைக்கு வடக்கே போவதால், புத்தளத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கேதான். தூதர் ‘எங்களூரில் சில மாதம் நிழல் தெற்கே’ என்று சொன்னதைக் கேட்டவரோ மொழிபெயர்த்தவரோ ‘எப்போதும் இப்படி’ என்று எழுதிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். இங்கத்திய மாலுமிகள் விண்மீன் பார்த்துக் கலம் செலுத்துவதில்லை, பறவைகளைப் பறக்கவிட்டு அவை போகும் திசையில் கரை தேடுகிறார்கள் என்றும் பிளினி எழுதுகிறார். துருவம் அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில், கடல் மூட்டத்துக்குள் கிடக்கும் கரையில், வடமீனை நம்பாத மாலுமியை அறியாதவன் என்று சொல்வது நியாயமில்லை.

இந்த முதல் பதிவிலேயே பின்னால் தொடரப்போகும் அமைப்பு தெரிகிறது. வரிக் குத்தகைக்காரரின் கலமும் மன்னனின் கருவூலமும் செலவை ஏற்றன. இரண்டுக்கும் வணிகமே நோக்கம். வானச் செய்தி கூடவே வந்தது.

அரசவை ஆதரவு அடுத்த கட்டம். கி.பி. 1310இல், சிலாபக் கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சற்றே தள்ளியுள்ள தம்பதெனியாவில், பராக்கிரமபாகு மன்னனின் அவையில் போசராச பண்டிதர் ‘சரசோதிமாலை’யை அரங்கேற்றினார். இலங்கையில் எழுந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் முந்தியது அது. சோதிட நூலே என்றாலும், நாளும் கோளும் கணிப்பவருக்குச் சிங்கள அரசவையில் சோறும் மதிப்பும் இருந்தன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்தத் தேவை இக்கரையில் ஒருபோதும் நின்றதில்லை. முன்னேசுவரத்துத் திருவிழா, பௌர்ணமிப் போயா, நோன்புப் பிறை எல்லாம் ஒரே நிலவைக் கொண்டு நாள் குறிக்கப்படுபவை.

அந்தக் கணிதம் எப்படி நடந்தது என்பதற்கு அருகிலிருந்து கண்ட பதிவு ஒன்று உண்டு. 1825இல் வெளியான ‘கால சங்கலித’ நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அழைத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் எழுதுகோலைத் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளை நகர்த்தி நகர்த்தி விடைக்கு வந்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். ஓட்டோ நியூகபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையில் இதை ஆராய்ந்து, பாபிலோனிய முறைகளோடு இதற்குள்ள உறவைச் சுட்டினார். ஒரு கல்விமரபு எழுத்துப் பலகைகூட இல்லாமல் இத்தனை நூற்றாண்டு நின்றதென்றால், கோயிலும் குடியானவரும் கொடுத்த சிறு தட்சணைதான் அதைத் தாங்கியது.

மிஷன் பணம் பிறகு வந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் அமெரிக்க மிஷனரிமார் வானியலைப் பாடமாக்கினர். புராணப் பிரபஞ்சத்தைப் பொய்யென்று காட்டுவது அவர்களின் வெளிப்படையான நோக்கம். ஆனால் தமிழ்க் கணித மரபை ஆழமாகப் படித்தவரும் அவர்களுள் இருந்தார். ஹென்றி ஹொய்சிங்டன் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட நூல், தமிழ்ச் சுவடி ஒன்றின் மொழிபெயர்ப்போடு அம்மரபை விளக்குகிறது. அந்தப் பள்ளியின் தொடர்ச்சியான யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த காரைநகர் அலன் ஆபிரகாம், ஹேலி வால்வெள்ளி பற்றிய கணிப்புகளால் அறியப்பட்டு இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அவருக்கு வாய்த்த பதவி ஆசிரியப் பதவி. வானியலாளர் என்ற பதவி அக்காலத்தில் வடக்கிலும் இல்லை, மேற்குக் கரையிலும் இல்லை.

குடியேற்ற ஆட்சி கிரகணத்துக்குச் செலவழித்தது. 1871 டிசம்பர் 12ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்துக்காக நார்மன் லொக்கியர் தலைமையில் வந்த பிரித்தானியக் குழுவின் பிரிவுகள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கருவி நிறுத்தின. கிரகணம் முடிந்ததும் கருவிகள் கப்பலேறின. 1907இல் கொழும்பில் கட்டிய வானாய்வகம் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் இயங்கியது. நேரம் அறிவிப்பதும் மழை, காற்று அளப்பதும் அதன் அன்றாடக் கடமை. 1948இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமானபோது, வானத்துக்கென இருந்த வேலைகள் வானிலைக்கு உரியனவாயின. 1955 ஜூன் 20 கிரகணத்துக்குப் பொலனறுவைப் பக்கம் முகாமிட்ட வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றை மேகம் ஏமாற்றியது. அந்தச் செலவாலும் உள்ளூரில் ஒரு பதவி பிறக்கவில்லை.

இங்கே கடல் தாண்டிப் பார்ப்பது பயன் தரும். கேரளத்தின் தும்பா, குதிரைமலைக்கு ஏறத்தாழ நேர் மேற்கே, அதே அகலக்கோட்டில் உள்ள மீனவக் கிராமம். காந்த நடுக்கோடு அருகே செல்வதால் 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் அமெரிக்காவுடையது, பிரான்சும் சோவியத் ஒன்றியமும் உதவின. மாதா கோயிலே முதல் அலுவலகமானது. வெளியிலிருந்து வந்த பணம் அங்கே ஆட்களைப் பயிற்றி நிலைத்தது. காரணம், ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் நிரந்தரச் சம்பளப் பட்டியல் ஒன்றை இந்திய அரசு திறந்தது. இலங்கை மேற்குக் கரையும் காந்த நடுக்கோட்டை ஒட்டியதுதான். இயற்கை இரு கரைகளுக்கும் ஒரே வாய்ப்பைத் தந்தது. வேறுபட்டது சம்பளப் பட்டியல்.

1984இல் மொறட்டுவைக் கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் மையம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1990களின் நடுவில் ஜப்பானியக் கலாசார நன்கொடையாக 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி அங்கே வந்தது. மாறொளி விண்மீன்களை அளக்கவும், பல்கலைக்கழக மாணவர் செய்முறை பழகவும் அது பெரிதும் உதவியிருக்கிறது. ஆனால் நகர வெளிச்சமும் ஈரவலய மேகமும் சூழ்ந்த இடத்தில் அது நிற்கிறது. நன்கொடை கருவிக்குக் கிடைத்தது. உலர்வலயத்தில் இடம் தேடுவதற்கோ, ஆய்வாளர் பதவிகளைப் பெருக்குவதற்கோ அந்த அளவு பணம் ஒதுக்கப்படவில்லை.

திறமை இல்லாமல் போனதால் நேர்ந்த குறை அல்ல இது. காலியில் பிறந்து சென்னையிலும் இலண்டனிலும் படித்த சிறில் பொன்னம்பெரும 1963இல் நாசாவில் சேர்ந்தார். 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் உண்டென்று 1970இல் அறிவித்த குழுவை வழிநடத்தியவர் அவர். நிலவு மண்ணையும் ஆராய்ந்தார். பின்னாளில் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் தலைவராகத் திரும்பி வந்தார். ஆனால் அவர் அமெரிக்காவில் வளர்த்த துறைக்கு, அதாவது விண்கல்லும் உயிரின் தோற்றமும் பற்றிய வேதியியலுக்கு, இங்கே தொடர்ச்சியான பதவி வரிசை உருவாகவில்லை. அவர் காட்டிய திசையைத்தான் புத்தளத்திலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

கற்பிட்டியில் தொலைநோக்கி வைக்கலாம் என்ற யோசனையை அவ்வப்போது கேட்கிறோம். உப்புக்காற்று கண்ணாடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும். கடல்மட்டத்து மூட்டம் தாழ்வான மீன்களை மறைக்கும். நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலையம் அருகில் இருக்கிறது. பள்ளி மாணவர் வானம் பார்க்கச் சிறு கருவி போதும், அது கட்டாயம் வேண்டும். ஆய்வுக்கு இக்கரை தருவது மண்ணும் உப்பும்.

பாலாவி உப்பளத்தில் ஒரு பாத்தி வரிசையை மேலிருந்து கீழே நடந்து பார்த்தால் போதும். கடலேரி நீர் முதல் பாத்தியில் சுண்ணாம்பை விடும். அடுத்ததில், கால் வைத்தால் குத்தும் ஜிப்சப் பளிங்குகள் தரையில் ஒட்டும். அடர்த்தி போமே அளவில் 25 பாகையைத் தொட்டதும் உப்பு விளையும். கடைசியில் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் மிஞ்சும். வெயில் முற்றிய நாட்களில் நீர் இளஞ்சிவப்பாவது உப்பில் வாழும் நுண்ணுயிர்களால். செவ்வாயின் தென் மேட்டுநிலங்களில் குளோரைட்டு உப்புப் படிவுகள் உண்டென்று 2008இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் ஒப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயில் வேறோரிடத்தில் ஜிப்ச நரம்பைக் கண்டது. பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டெம்பரில் பூமிக்கு வந்த மாதிரியில், உப்புநீர் வற்றிப் படிந்த கனிம வரிசையும் அதனுள் சோடியம் குளோரைட்டும் இருப்பதாக 2025 ஜனவரியில் ஆய்வாளர் வெளியிட்டனர். எந்த உப்பு எதன்பின் படியும், எந்த உப்புக்குள் உயிரின் சுவடு தங்கும் என்பவை பாத்தியில் சோதிக்கக்கூடிய கேள்விகள். வடக்கே அருவக்காட்டில் மயோசின் காலச் சுண்ணக்கல்லும் அதன்மேல் படர்ந்த செம்மண்ணும் சீமெந்துச் சுரங்க வெட்டில் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. வெட்டி முடித்த குழிகளில் கொழும்புக் குப்பை இறங்கும் முன்பே அந்த வெட்டுமுகங்களை ஒழுங்காகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

இப்படி ஊர்மண் கோளியலுக்குள் நுழைந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனோர்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் தரையிறங்கியையும் ஊர்தியையும் சோதிக்கத் தேவைப்பட்ட செயற்கை நிலவு மண்ணுக்கு அப்பாறை பயன்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர் அந்தப் பணியில் பங்குகொண்டனர். பெரிய தொலைநோக்கி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அவ்வட்டாரத்துக் கல்லை ஆண்டுக்கணக்கில் அறிந்த ஒரு துறை தேவைப்பட்டது.

இன்று கிடைக்கும் உதவிகளைச் சுருக்கமாகச் சொன்னால்: உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் ஆய்வு நிதி தருகின்றன. டெஹ்ராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு 1995 முதல் ஐ.நா. இணைவோடு இயங்கும் விண்வெளிக் கல்வி மையம் தொலையுணர்விலும் வளிமண்டல, விண்வெளி அறிவியலிலும் பட்டப்பின் பயிற்சி தருகிறது. இத்தாலி திரியெஸ்தேயில் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய இயற்பியல் மையம் வளரும் நாட்டு மாணவருக்கு முழுச் செலவோடு டிப்ளோமா நடத்துகிறது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐ.நா. – ஜப்பான் புலமைப்பரிசில் உண்டு. அதே நிறுவனத்தின் பேர்ட்ஸ் திட்டத்தில்தான் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ராவணா-1 சிறுசெயற்கைக்கோளைக் கட்டினர். அது 2019 ஜூனில் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவி ஆசிரியர் பணியோடு கூடிய முனைவர் படிப்பு பழகிய பாதை. நாசாவின் கோள் தரவுக் களஞ்சியமும் இஸ்ரோவின் சந்திரயான் தரவுகளும் எவருக்கும் திறந்தவை. இப்படிப் பயின்றவருக்கு வானியல் பதவி கிடைக்காவிட்டாலும், புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், நில அளவைத் திணைக்களம் ஆகியவற்றில் அதே திறனுக்கு வேலை உண்டு.

தடை முதல் படியிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தேசியத் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. புத்தளம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆனால் இசற் புள்ளிச் சலுகை பெறுவதற்கே மாணவர் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவில் உட்கார வேண்டும். கற்பிட்டியிலும் உடப்பிலும் உள்ள தமிழ்மொழிப் பிள்ளைக்கு இயற்பியல் ஆசிரியர் கிடைப்பதே முதல் புலமைப்பரிசில். மேலே சொன்ன உதவிகளின் அறிவித்தல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து போகின்றன. வலயக் கல்வி அலுவலகம் அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கி ஆண்டுதோறும் பாடசாலைகளுக்கு அனுப்பப் பெரிய நிதி தேவையில்லை.

பல்கலைக்கழக மட்டத்தில் தேவைப்படுவதும் சிறியதே: பேராதனைப் புவிச்சரிதவியல் துறையும் வடமேல் மாகாணத்தின் வயம்ப பல்கலைக்கழகமும் சேர்ந்து, புத்தளத்தின் ஆவிப்படிவுகளையும் செம்மண்ணையும் கோளியல் நோக்கில் ஆராயும் நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்றை உருவாக்க வேண்டும். கருவி நன்கொடையை அந்தப் பதவி நிரம்பிய பிறகு கேட்கலாம்.