சேர்வராயன் மலையின் நிழல் மரமும் ஓர் அரிய தோல் அரிப்பும்

சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிருக்கு வித்திட்டபின் ஏற்காட்டைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறிப் படரவும், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் பின்னாளில் அவற்றில் நிலைபெற்றது. இம்மரத்தில் உள்ள கிரெவிலால் என்னும் வேதிப்பொருள் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. ஆயினும், அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்ட மிகச் சிலருக்குக் கிளை வெட்டும்போதோ மரத்தூள் படும்போதோ கடும் அரிப்பும் தடிப்பும் நீர்க்கொப்புளமும் உண்டாகும். மரத்தைத் தொட்டு ஓரிரு நாள் சென்ற பிறகே அரிப்பு தோன்றுவதால், தொட்டதையும் துன்பத்தையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை; சொறி என்றும் படை என்றும் மருந்து பூசிக் காலம் கழிவதற்கு இத்தகைய தாமதமே முதற்காரணம்.

இவ்வகை அரிப்பின் மூலத்தைக் கண்டறியும் வழியை 1895இல் யோசப் யாடாசோன் என்னும் தோல் மருத்துவர் வகுத்தளித்தார். ஐயத்துக்குரிய பொருளைத் தோலில் ஒட்டிவைத்து, இரண்டு நாள் கழித்து அவ்விடம் சிவந்து தடிக்கிறதா என்று பார்ப்பதே ஒட்டுச் சோதனை எனப்படும் அம்முறை.

இந்திய மண்ணில் இவ்வகை ஒவ்வாமை அரிப்பின் வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது இரண்டாம் உலகப்போர்க் கால நிகழ்வு. இங்கு முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிடரி முதலிய இடங்களில், துணியின் சலவைக்குறி உடலில் உரசும் அளவுக்கு மட்டும், அரிப்புத் திட்டுகள் தோன்றின. சலவைத் தொழிலாளர் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டைச் சாறே அதற்குக் காரணம் என்று லிவிங்குட், ராஜர்ஸ், பிட்ஸ்ஹியூ ஆகிய மருத்துவர்கள் 1943இல் எழுதினர். நோய் தோன்றிய இடத்தின் வடிவத்தைக் கொண்டே மூலத்தை எட்டிய அந்நுட்பம், எந்த ஆய்வுக்கூடக் கருவிக்கும் குறைந்ததன்று.

சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை; சில்வர் ஓக் வேறு குடும்பம். எனினும், நீண்ட கார்பன் சங்கிலியைத் தாங்கிய பீனால் சேர்மங்கள் இவை அனைத்திலும் உள்ளன. ஆகவே, ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்டவரை மற்றொன்றும் தாக்கக்கூடும். மாம்பால் பட்டு முன்னரே புண்பட்டவரா என்ற கேள்வி, மாந்தோப்புகள் நிறைந்த சேலம் வட்டாரத்தில் தவறாமல் கேட்கத்தக்கது.

சிகிச்சையில் பெரிய திருப்பம் 1952இல் நேர்ந்தது; மார்யன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் தோலில் பூசும் ஹைட்ரோகார்டிசோனின் பயனை அவ்வாண்டில் நிறுவினர். ஆனால், களிம்பு அரிப்பைத் தணிக்குமே அன்றி ஒவ்வாமையை நீக்காது. மரத்தை மீண்டும் தொட்டால் நோயும் மீளும். எனவே, தோட்டத் தொழிலாளியின் தோலைப் பார்க்கும் மருத்துவர், மருந்தெழுதும் முன் கடந்த சில நாள்களில் அவர் எந்த மரத்தை வெட்டினார் என்று கேட்டறிய வேண்டும்.