பறவை பார்க்க ஒரு பைனாகுலர்: தூரம் அளக்கும் கருவி நமக்குத் தேவையா?

ஒக்டோபர் பிறந்துவிட்டால் யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். வடக்கே குளிர் தேசங்களில் இருந்து மத்திய ஆசியப் பறப்புப் பாதை வழியாக வரும் ஊசிவால் தாராக்கள், உள்ளான்கள், மூக்கன்கள், ஆலாக்கள் எல்லாம் மார்ச், ஏப்ரல் வரை இங்கேதான். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும் கண்ணில் படும். மருதனார்மடத்தில் இருந்து மானிப்பாய் ஊடாக அராலிக்கோ, மறுபக்கமாகத் தொண்டைமானாற்றுக்கோ ஒரு காலைப்பொழுதில் போய் வந்துவிடலாம். ஆனால் வெறுங்கண்ணுக்கு அங்கே தெரிவது தண்ணீரில் மிதக்கும் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே.

விடுமுறை நாட்களில் பறவை பார்க்கப் போகிறவன் என்பதால், எந்தப் பைனாகுலர் வாங்கலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அண்மைக் காலமாக அதில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. “கனடாவில் இருந்து மாமா வருகிறார். அங்கே வேட்டைக்காரர் பாவிக்கும், தூரமும் காட்டும் பைனாகுலர் கொண்டு வரட்டோ என்று கேட்கிறார். வாங்கலாமா?” இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொடுக்கப் போகும் காசு கொஞ்சம் அல்ல என்பதால் விரிவாகவே பார்ப்போம்.

தூரம் எப்படி அளக்கப்படுகிறது?

லைக்கா, சுவரோவ்ஸ்கி, சைஸ், வோர்ட்டெக்ஸ், புஷ்னெல் போன்ற நிறுவனங்கள் லேசர் தூரமானி பொருத்திய பைனாகுலர்களைச் செய்கின்றன. பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பு ஒன்று புறப்பட்டு, இலக்கில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால், 300 மீற்றர் தொலைவில் உள்ள பொருளைத் தொட்டுத் திரும்ப ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2 பங்கு நேரமே போதும்.

பெட்டியில் “2000 மீற்றர்” என்று அச்சிட்டிருப்பார்கள். அது பளபளப்பான, ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பலகைக்கான கணக்கு. மரத்துக்கு அது குறையும். மானின் மேலுக்கு இன்னும் குறையும். பாதிக்கும் கீழே போவது வழக்கம். மழை, பனிமூட்டம், உச்சி வெயில் ஆகியவையும் அளவைக் கெடுக்கும். வெளிநாட்டில் முறையான அனுமதிப்பத்திரத்துடன் வேட்டைக்குப் போகும் வாசகர்கள் அந்தப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, “மான்” என்ற வரிக்கு எதிரே போட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அடுத்ததாக, கண்ணுக்குள் தெரியும் எழுத்து ஒளிரும் எழுத்தா என்பதும் முக்கியம். கறுப்பு எழுத்து மம்மல் பொழுதில் தெரியாது. மூன்றாவது, சாய்வுத் திருத்தம். 30 பாகை சரிவில் 100 மீற்றர் தூரம் என்றால் கிடையான தூரம் ஏறத்தாழ 87 மீற்றர்தான். மலைநாட்டில் துப்பாக்கி பிடிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். மேசை போலத் தட்டையான குடாநாட்டில் இதற்கு வேலையே இல்லை.

நம் நீரேரியில் அது என்ன செய்யும்?

கரையில் நின்று தண்ணீரில் மிதக்கும் தாராவைக் குறிவைத்தால், விரிந்து செல்லும் லேசர் கற்றையின் பெரும்பகுதி பறவையைத் தவறவிட்டுவிடும். கருவி காட்டும் தூரம் பறவைக்குப் பின்னால் உள்ள கண்டற் பற்றையினுடையதாக இருக்கலாம். சிலவேளை எதையுமே காட்டாது. அதோடு, சாதாரண 8x42 பைனாகுலர் 650 முதல் 750 கிராம் வரை இருக்க, தூரமானி உள்ளது பெரும்பாலும் 900 கிராமைத் தாண்டும். தனியாகப் பற்றரியும் வேண்டும். விலையும் பல மடங்கு.

பறவைகளின் அடர்த்தியைக் கணக்கிடும் ஆய்வாளருக்குத் தூரம் தேவை. அவர்களுக்கும், கையடக்கமான தனித் தூரமானி ஒன்றை வைத்திருப்பது மலிவு. மற்றவர்கள் அந்தக் காசை நல்ல கண்ணாடியில் போடுவதே புத்தி.

8x42 என்றால் என்ன?

முதல் எண் உருப்பெருக்கம். 400 மீற்றர் தொலைவில் நிற்கும் பறவை 8 மடங்கில் 50 மீற்றரில் நிற்பது போலத் தெரியும். 10 மடங்கில் 40 மீற்றரில் நிற்பது போல. இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில்.

இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8x42க்கு 5.25 மில்லிமீற்றர், 10x42க்கு 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10x25க்கு 2.5 மட்டுமே. பகலில் நமது கண்மணி 2 முதல் 3 மில்லிமீற்றர் வரையே திறப்பதால் சின்னக் கருவியும் சமாளிக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலையிலும் மாலையிலும் அது இருண்டுவிடும்.

உருப்பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 1000 மீற்றர் தொலைவில் 8 மடங்குக் கருவி ஏறத்தாழ 130 மீற்றர் அகலத்தைக் காட்டும் என்றால், 10 மடங்குக் கருவி 110 மீற்றர் அளவில்தான் காட்டும். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் எழும் கானல் அலையையும் அது சேர்த்தே பெருப்பிக்கும். ஆகவே முதன்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை 8x42. பண்ணைப் பாலத்திலோ புங்குடுதீவுப் பாதையிலோ நின்று தூரத்துக் கூட்டங்களை மட்டும் பார்ப்பவர், கை உறுதியானவர் என்றால், 10x42 எடுக்கலாம். படகில் இருந்து பார்க்கும் கடற்றொழிலாளருக்கு 7x50 பொருத்தம். ஆட்டத்தில் குறைவாக நடுங்கும், மங்கல் வெளிச்சத்திலும் தெளிவு தரும்.

கடையில் பார்க்க வேண்டியவை

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்வில்லையில் இருந்து கண் எவ்வளவு விலகி இருந்தாலும் முழுக் காட்சி தெரியும் என்ற அளவைக் கேளுங்கள். 15 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. உள்ளே உள்ள அரியம் பாக்-4 கண்ணாடியாகவும், எல்லா வில்லைகளும் பல படைப் பூச்சு உள்ளவையாகவும் இருப்பது நல்லது. நைதரசன் நிரப்பி, நீர் புகாதபடி அடைத்ததாக இருக்க வேண்டும். மாரியிலும் உப்புக் காற்றிலும் பாவிக்கப் போகிற நமக்கு இது கட்டாயம்.

கையில் எடுத்ததும் தூரத்தில் உயரமான ஒன்றைப் பாருங்கள். மருதனார்மடத்தில் என்றால் ஆஞ்சநேயர் சிலையின் தலைப்பக்கம் போதும். வானத்தை ஒட்டிய விளிம்பில் ஊதாக் கோடு தடிப்பாகத் தெரிந்தால் கண்ணாடி தரம் குறைந்தது. உருவம் இரண்டாகப் பிரிந்தாலோ, ஐந்து நிமிடத்தில் தலை இடித்தாலோ, இரு குழாய்களும் நேராகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம். பழைய கருவி என்றால் முன்பக்கத்தில் இருந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். இணையத்தில் “60x60”, “100 மடங்கு” என்று விற்பவையையும், சிவப்பாக மின்னும் வில்லை உள்ளவற்றையும் தவிர்த்துவிடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் கருவிக்கு அப்படியான உருப்பெருக்கம் பயன்படாது. சிவப்புப் பூச்சு நிறத்தைத்தான் கெடுக்கும்.

வாங்கிய பின் முதல் வேலை, உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வது. வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அதன்பின் நடுச் சக்கரம் மட்டும் போதும். பலர் இதைச் செய்யாமலே கருவியைக் குறை சொல்கிறார்கள்.

சட்டமும் சூழலும்

“வேட்டைக்கான பைனாகுலர்” என்ற பெயரே நமக்கு ஒரு விடயத்தை நினைவுபடுத்த வேண்டும். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், சில விதிவிலக்குகள் தவிர ஏறத்தாழ எல்லாப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை. வலை வைத்துத் தாரா பிடிப்பதும் சுடுவதும் குற்றம். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அதே ஆண்டில் அப்படியே.

இன்னொன்று. ஒரு காலத்தில் ரோர்ச் பற்றரிக்கே தடை இருந்த ஊர் இது. போர் முடிந்தாலும் முகாம்களும் காவலரண்களும் கரையோரங்களில் இருக்கின்றன. அவற்றின் பக்கமோ, பலாலி விமான நிலையப் பக்கமோ பைனாகுலரை உயர்த்த வேண்டாம். மாணவர்களைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் கிராம அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பறவைக் கையேடு ஒன்றையும் கையில் வைத்திருப்பது வீண் விசாரணையைத் தவிர்க்கும். லேசர் உள்ள கருவியைத்தான் கொண்டுவருவது என்று உறவினர் நின்றால், பயணத்துக்கு முன் சுங்கத்தில் கேட்டுத் தெளிவு பெறச் சொல்லுங்கள்.

பராமரிப்பு

சாரத் தலைப்பால் வில்லையைத் துடைக்கும் பழக்கம் வேண்டாம். மணலும் உப்பும் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதித் தூசியை அகற்றி, பிறகு வில்லைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நடந்து வருகிறது. எந்த நீரேரியில் எத்தனை பறவை இறங்குகிறது என்ற பதிவுகள்தான், நாளை அங்கே மண் கொட்டி நிரப்ப யாராவது வரும்போது நாம் எடுத்துக் காட்டக்கூடிய ஆதாரம். ஒரு பாடசாலைக்கு நல்ல 8x42 பைனாகுலர் இரண்டு இருந்தால் அந்தப் பதிவை நம் பிள்ளைகளே தொடங்கலாம். தூரம் காட்டும் கருவி ஒன்றின் விலைக்கு அந்த இரண்டையும் தாராளமாக வாங்கலாம்.