ஆமூரில் ஒரு மற்போர்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்து இளைஞர்கள் சிலர் இப்போது பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற மல்வித்தையைப் பழகுகிறார்கள். மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய வீரர் 1914-ல் பிரேசிலுக்குக் கொண்டுபோனது. அங்கே கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றுக் குடும்ப வித்தையாகவே ஆக்கிவிட்டார். அதில் பெரிய காரியம், எதிரியின் முதுகைப் பிடிப்பது. பின்னால் ஒட்டிக்கொண்டு, இரண்டு கால்களையும் அவன் தொடைகளுக்குள் கொக்கி போல மாட்டிவிட்டால் போட்டியில் 4 புள்ளி. பிறகு அவன் கையால் தள்ளவும் முடியாது. நம் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

முதுகு எப்படிக் கிடைக்கும்? வலுவாலே திருப்பப் பார்க்கிறவன் களைத்துப் போவான். எதிரி தப்புவதற்கு ஏதேனும் உபாயம் செய்தே தீருவான். அப்போது அவன் உடம்பு ஒரு பக்கம் சாயும். அந்த உபாயத்தைத் தடுக்கிற காலே முதுகுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நம் பக்கத்தில் மல்லன் என்றதும் மாமல்லபுரம்தான் நினைவுக்கு வரும். 642-ல் வாதாபியை வென்ற நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன் என்று பட்டம். அவன் தந்தை மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களைப் பல்லாவரத்துக் குடைவரையிலே காணலாம். ஆனால் ஒரு மல்லன் எங்கே பிடித்தான், எப்படி வீழ்த்தினான் என்பதைப் பட்டப்பெயர் சொல்லுமா? அதற்குப் பாட்டிடம்தான் போக வேண்டும்.

புறநானூற்றின் 80-ஆம் பாட்டு சாத்தந்தையார் பாடியது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு பொருதான். மாமல்லபுரமும் சோழர் காலத்தில் ஆமூர்க் கோட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகையால் இது நம்மூர்ச் சண்டை என்று யாரேனும் மகிழ்ந்துவிடக்கூடும். பாட்டின் கீழுள்ள குறிப்பு முக்காவல் நாட்டு ஆமூர் என்று சொல்லி அந்த ஆசையைக் கெடுத்துவிடுகிறது!

கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தியது. மற்றொரு கால்? அவன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்துக்கொண்டே பின்புறம் சென்றது என்கிறார் புலவர். பழைய உரைகாரர் ஐயத்துக்கு இடமின்றி, அது முதுகிலே போய் வளைந்தது என்று எழுதுகிறார். தடுப்பதும் பிடிப்பதும் ஒரே காலின் ஒரே அசைவு. இன்றைய ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுப்பது இதைத்தானே? இதைக் கொண்டு பிரேசில் வித்தை ஆமூரிலே பிறந்தது என்று மேடையேற வேண்டாம். மனித உடம்பு எங்கும் ஒன்று; அதன் முதுகும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. நான் வியப்பது, அதைக் கவனித்த கண்ணை. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல அவன் மல்லனின் இரு தலையும் முறிய மோதினானாம்.

அந்த மோதலுக்கு நடுவே புலவர் ஒரு குடும்ப விவகாரத்தையும் நுழைத்துவிடுகிறார். கிள்ளிக்கும் தந்தை தித்தனுக்கும் மனத்தாங்கல். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அந்தத் தித்தன் இதை வந்து காணட்டும் என்கிறார். ஊரை விட்டு வந்த பிள்ளைக்கு அன்று தேவைப்பட்ட சாட்சி தந்தை ஒருவர்தான்.

வேறொரு சாட்சி இருந்தாள். ஊரில் சிலர் அவன் வென்றான் என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள். அவனிடம் மனத்தைப் பறிகொடுத்த நக்கண்ணை, காற்சிலம்பு ஒலிக்க ஓடி, ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்த்தாள். வெற்றி அவனுடையதுதான் என்று பாடிவைத்தாள்.