ஏற இயலாத குழுவும் ஏறி மறைந்த குழுவும்

ஜொகூரின் மாசாயில் காற்பந்து என்றால் ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது ஜேடிடிதான். 2014 முதல் ஆண்டுதோறும் மலேசிய சூப்பர் லீக்கை வென்றுவரும் குழுவை ஆதரிக்கப் பெரிய பொறுமை எதுவும் தேவையில்லை. இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் குழுவுக்காகக் குரல் கொடுப்பவரின் பற்றுதான் ஆராயத்தக்கது. அதற்கு இரண்டு குழுக்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பக்கத்துப் பாசிர் கூடாங் அரங்கில் சில பருவங்கள் ஆடிய ஜேடிடி 2. மற்றொன்று, எம்ஐஎஸ்சி-மிஃபா என்ற பெயரில் ஆடி, பின்னர் பிஜே (பெட்டாலிங் ஜெயா) சிட்டியான இந்தியர் குழு. 2018-ல் இரண்டும் மலேசியாவின் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் இருந்தன.

முதல் வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஜேடிடி 2-க்கு ஊர் இருந்தது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை முடித்து வருபவர், வீடு போகும் வழியிலேயே அரங்குக்குள் நுழைந்துவிட முடிந்தது. மிஃபாவுக்கு இருந்தது ஊரன்று, மக்கள். அதன் ஆட்டங்கள் கிளானா ஜெயாவில் நடந்தாலும், தோட்டத்துத் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்த தலைமுறை மாசாயிலும் உண்டு, சுங்கை சிப்புட்டிலும் உண்டு. தேசியக் குழுவுக்கு ஆர். ஆறுமுகம் கோல் காத்த காலத்தை அறிந்தவருக்கு, மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழு ஒன்று தொழில்முறை லீக்கில் ஆடுவது வெறும் விளையாட்டுச் செய்தி ஆகாது. ஒன்றை ஆதரிக்கப் பத்து நிமிடப் பயணம் போதுமாக இருந்தது. மற்றொன்றுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது, அல்லது தொலைக்காட்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊர்க்குழு, இனக்குழு என்று பிரித்துவிட்டு நகர எண்ணும்போதுதான் வரலாறு குறுக்கே வருகிறது. ஜேடிடி 2 உண்மையில் பழைய ஜொகூர் மாநிலக் குழு. 1985-லும் 1991-லும் மலேசியக் கிண்ணத்தை வென்றது அதுவே. இன்றைய முதல் குழுவோ, மாநில மேம்பாட்டுக் கழகம் 1972-ல் தொடங்கிய நிறுவனக் குழு. ஜொகூர் எஃப்சி என்ற பெயரில் பாசிர் கூடாங்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் நிருவாகத்தை ஏற்று எல்லாவற்றையும் மறுசீரமைத்தபோது நிறுவனக் குழு தலைமைக்குப் போய் லார்க்கின் அரங்கில் அமர்ந்தது. மாநிலத்தின் குழு எண் இரண்டாகிப் பாசிர் கூடாங்குக்கு வந்தது. பிஜே சிட்டியின் கதையிலும் அதே கைமாற்றம் நடந்தது, வேறு திசையில். சமூகத்தின் பெயர் உதிர்ந்து நகரத்தின் பெயர் ஏறியது. மாநிலப் பெருமை ஒரு எண்ணாகச் சுருங்கியதும், சமூகப் பெருமை ஒரு நகரப் பெயருக்குள் மறைந்ததும் ரசிகரைக் கேட்டு நடந்தவை அல்ல. ஆனாலும் இரு பக்கத்திலும் ரசிகர்கள் எஞ்சினார்கள். எனக்கு வியப்பூட்டுவது இதுதான்.

இனி, லீக்கில் மேலே ஏறும் ஏணி. ஜேடிடி 2 எத்தனை ஆட்டங்கள் வென்றாலும் மேலே போக முடியவில்லை. முதல் குழு ஆடும் லீக்கில் இரண்டாவது குழுவுக்கு இடமில்லை என்பது விதியாக இருந்தது. ஸ்பெயினிலும் இதுவே முறை. ஆனால் அங்கே 1980-ல் ரியால் மாட்ரிட்டின் இரண்டாம் குழுவான காஸ்டில்யா, மன்னர் கிண்ண இறுதியாட்டத்தில் ரியால் மாட்ரிட்டையே சந்தித்து 6-1 எனத் தோற்றது. அப்படியொரு வேடிக்கைகூட ஜொகூருக்கு வாய்க்கவில்லை. பிஜே சிட்டிக்கு ஏணி திறந்திருந்தது. 2019-ல் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. பின்னாளில் வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லாமல் அங்கே தாக்குப்பிடித்தது. பணக்காரக் குழுக்களுக்கு நடுவே அது சிறிய சாதனையன்று.

விதி இப்படிப் பிரித்தாலும், அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் அனுபவம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு இடத்திலும் ரசிகர் பார்த்தது போகப்போகிற வீரர்களை. ஜேடிடி 2-இல் ஓர் இளைஞர் நன்றாக ஆடினால் அடுத்த மாதம் முதல் குழுவுக்குப் போய்விடுவதுண்டு. பிஜே சிட்டியில் நன்றாக ஆடினால் வேறொரு பெரிய குழு அழைத்துக்கொண்டது. எதிர்த்திசைப் பயணமும் இருந்தது: ஜொகூரில் ஆடிய டேரன் லோக் பிஜே சிட்டிக்குப் போனார். அமெரிக்காவின் சிறு பேஸ்பால் லீக் ரசிகர்களுக்கு இது நன்கு பழகிய மனநிலை. அவர்கள் பட்டத்தைவிட, பின்னாளில் பெரியவராகும் ஒருவரை முன்பே பார்த்துவிட்டதைத்தான் பேசி மகிழ்வார்கள்.

இரண்டின் முடிவும் ஒரே ஆண்டில் விழுந்தது. 2022-ல் ஜேடிடி 2 பிரீமியர் லீக்கை வென்றது; அந்தப் பருவத்தோடு பிரீமியர் லீக்கே கலைக்கப்பட்டது. அதே பருவத்தின் முடிவில் பிஜே சிட்டி போட்டியிலிருந்து விலகியது. ஒன்றுக்குப் படிக்கட்டு போயிற்று, மற்றொன்றுக்கு ஏறுகிற ஆளே போயிற்று.

எந்த இழப்பு பெரிது என்றால், என் தராசு பிஜே சிட்டியின் பக்கம் சாய்கிறது. ஜேடிடி 2 வயதுவரம்புள்ள மாற்றுக்குழுப் போட்டிக்கு நகர்ந்தது. அதன் ரசிகருக்கு அதே நீலமும் சிவப்பும் முதல் குழுவிலும் கிடைக்கும். அந்தச் சட்டையில் எஸ். குணாளன் ஆடியதையும் மாசாய்த் தமிழர் பார்த்திருக்கிறார்கள். கிளானா ஜெயா அரங்கில் இப்போது சிலாங்கூர் ஆடுகிறது, கூட்டமும் வருகிறது. மிஃபாவுக்காக அங்கே வந்தவர் சிலாங்கூருக்கும் கைதட்டக்கூடும். ஆனால் அந்தக் குழுவுக்கு அவர் தேவையில்லை, அதற்கு ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு.