தந்த எலும்பும் ஊடுகதிரும்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அறிவு வேட்கை மிகுந்தவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர். தன்வந்திரி மகாலில் மருத்துவம் பேணியவர். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை ஓவியத்தோடு எழுதி வைக்கச் செய்தவர்.

அத்தகைய மன்னர் உடற்கூறு கற்க முனைந்தபோது ஒரு தடை குறுக்கே நின்றது. பொருளில்லாத் தடையன்று, நூலில்லாத் தடையுமன்று. மனித எலும்பைத் தொட்டால் தீட்டு என்னும் தடை! எனவே, யானைத் தந்தத்தால் செய்த எலும்புக்கூட்டை அவர் நாடினார். நாடு மன்னனுக்குப் பணிந்தது. மன்னனோ தீட்டுக்குப் பணிந்தான்!

தந்தம் எலும்பின் வடிவைக் காட்டும், வளர்ச்சியைக் காட்டுமா? முறிவைக் காட்டுமா?

மணிக்கட்டைப் பாருங்கள். விரலால் தடவினால் ஒரே மூட்டு. உள்ளேயோ எட்டுச் சிற்றெலும்புகள், வரிசைக்கு நான்காக இரு வரிசை. படகு போல ஒன்று, பிறை போல ஒன்று, பட்டாணி போல ஒன்று, கொக்கி போல ஒன்று! கை வளைவதும் சுழல்வதும் இவற்றின் கூட்டுறவால்தான்.

உயிருள்ளவர் கையில் இவற்றைக் காண மேனாட்டாராலும் நெடுங்காலம் இயலவில்லை. மணிக்கட்டருகே ஆரை எலும்பு முறிவதை டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் விளக்கி எழுதினார். உள்ளே காணும் கருவி எதுவும் அவரிடம் இல்லை.

1895 நவம்பர் 8ஆம் நாள், செருமனியின் வூர்சுபர்க் நகரில், வில்லெம் ராண்ட்ஜன் புதுக் கதிரைக் கண்டார். டிசம்பர் 22இல் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். சதை மங்க, எலும்பும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன! சுண்ணச்சத்து நிறைந்த எலும்பு கதிரைத் தடுக்கிறது. சதை பெரிதும் வழிவிடுகிறது. இதுவே எக்ஸ்ரேயின் மந்திரம், இதில் மாயமில்லை. அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாமல் உலகுக்கே விட்டார் அவர்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டைப் படமெடுத்தால் எட்டெலும்புகளின் இடம் பெரும்பாலும் வெறுமையாகத் தோன்றும். அவை அப்போது குருத்தெலும்பு. சில மாதங்களில் இரண்டு தென்படும். பட்டாணி எலும்பு தோன்றப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். இந்த வரிசை கொண்டே வயதைக் கணிக்கின்றனர். ஆயினும் அக்கணிப்பு இரண்டாண்டு முன்பின் பிசகலாம் என உச்சநீதிமன்றம் 1982இல் குறித்தது. தன் எல்லையைத் தானே சொல்வது அறிவியல். சாதகக் கட்டம் என்றேனும் அப்படிச் சொன்னதுண்டா?

காவிரிப் படுகையில் நாற்று நட்ட கை, கதிர் அறுத்த கை, வரப்பில் வழுக்கி விழுகையில் ஊன்றும் கையும் அதுவே! அவ்வேளை அந்த எட்டில் முறிவது பெரும்பாலும் படகெலும்பு. குருதியோட்டம் குறைந்த எலும்பு அது. கவனியாது விட்டால் ஒரு பகுதி மாண்டே போகும். முதற்படத்தில் வெடிப்புத் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படமெடுக்க வேண்டும். "வெறும் சுளுக்கு" என்று எண்ணெய் தடவி, மந்திரித்துக் கயிறு கட்டிக் காத்திருந்தால், உழைப்பவன் இழப்பது தன் பிழைப்பையே!

மன்னன் தொடத் தயங்கிய எலும்பை, இன்று அதே தஞ்சையில் மருத்துவக் கல்லூரி மாணவர் கையிலேந்திப் பயில்கின்றனர். படத்தை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள்: உழுதவன் கையிலும் எட்டு, ஆண்டவன் கையிலும் எட்டு. தீட்டு எந்த எலும்பில் இருக்கிறது?