தோப்பி - சங்க காலத்து வீட்டு பீர்

பீர் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்பதுதான் பொதுவான நினைப்பு. பாட்டில், ஹாப்ஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் முளைகட்டிய தானியத்தை வைத்து வீட்டிலேயே மது செய்வது சங்க காலத்திலேயே இங்கு தெரிந்த வேலை. பெயர் கூட உண்டு: தோப்பி. நெல்லில் செய்த கள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது. இடம் காஞ்சிப் பக்கம், வலைஞர் வீடு. அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். பிறகு இடித்த நெல்முளையைக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடிக்குள் இருக்கும். அப்புறம் விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டியதுதான்.

இன்று வீட்டில் பீர் செய்யும் வெளிநாட்டுக்காரர் இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வார். முளையில் இருக்கும் நொதிதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. கொதிக்கும் கூழில் போட்டால் நொதி செத்துவிடும், அதனால்தான் ஆற்றுவது. சர்க்கரையைச் சாராயமாக்குவது ஈஸ்ட். அதைப் பற்றிப் பாட்டில் பேச்சே இல்லை (காற்றிலும் சாடியிலும் இருந்ததே போதும், இட்லி மாவுக்கு யாராவது ஈஸ்ட் வாங்குகிறார்களா என்ன?). ஜப்பானின் சாக்கேயும் அரிசியில்தான் செய்யப்படுகிறது, ஆனால் அங்கே முளைக்குப் பதில் பூஞ்சை. அந்த வகையில் பார்லி பீருக்கு நெருங்கிய சொந்தம் தோப்பிதான். என்ன, நெல்முளையில் நொதி பார்லி அளவுக்குக் கிடையாது.

மதுரைக்கு இதில் இரண்டு பங்கு. கள்ளுக்கடைக் கொடிகள் இந்த ஊர்த் தெருவில் பறந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. இன்னொன்று, இந்தப் பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் மதுரைக்காரர். அவர் உரை இல்லாவிட்டால் நெல்முளை சமாசாரம் பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. அந்த உரையோடு பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-ல் அச்சில் கொண்டு வந்தார்.

சரியாக 48 வருடம் கழித்து, 1937-ல், ராஜாஜி அரசின் மதுவிலக்குச் சட்டம். சேலத்தில் தொடங்கி 1948-ல் மதுரை உட்பட மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி விலக்கு, 1981-ல் மறுபடி தளர்வு, 1983-ல் டாஸ்மாக். கள்ளுக்கு 1987 முதல் தடை.

ஆலையில் செய்த பீரை மதுரையில் அரசே விற்கிறது. ஆனால் அதே ஊரில் ஒரு வீட்டுச் சாடியில் கூழும் நெல்முளையும் இரண்டு நாள் புளித்தால், 1937-ன் அந்தச் சட்டப்படி இன்றும் குற்றம்.