கண்ணாடி விரியனும் கம்பெனி வைத்தியரும்

மாட்டுத்தாவணி என்றதும் இன்று மதுரைக்காரருக்கு ஞாபகம் வருவது பஸ் நிலையம். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. அங்கிருந்து மேலூர்ச் சாலையில் போனால் வயலும் வரப்பும் புல்வெளியும் வந்துவிடும். புல் உள்ள இடத்தில் எலி; எலி உள்ள இடத்தில் கண்ணாடி விரியன்.

முதுகில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசை வட்டங்கள். பகலில் சோம்பேறி; காலடி நெருங்கினாலும் விலகிப் போகாது, பிரஷர் குக்கரைப் போலச் சீறும். முட்டையிடாமல் இருபது, நாற்பது என்று குட்டிகளை ஈனும். கடித்தால் இரத்தம் உறையும் சக்தியை இழந்துவிடும்; சிறுநீரகம் கெடும். நல்ல பாம்புக்குப் பால் வார்க்கும் நாம் இதற்கு ஒரு சூடங்கூடக் கொளுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

இதன் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர். அலெப்போவில் பிளேக் நோயோடு மல்லாடியவர். 1781-ல் சகோதரரோடு விசாகப்பட்டினம் வந்தார். 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் இயற்கை நூல் நிபுணராக நியமித்தது. செடி கொடிகளை ஆராய வேண்டிய மனிதர் பாம்புகளைப் பிடித்துக்கொண்டார்! விஷமுள்ளது எது, சாதுவானது எது என்று ஜனங்கள் கண்டுகொள்ள ஒரு வழி வேண்டும் என்பதே அவர் கவலை.

அக்காலத்தில் பாம்புக்கடிக்குத் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று பிரசித்தம். ரஸ்ஸல் அதையும் விடாமல் சோதித்தார். அதிலிருந்த முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? பாஷாணம்! விரியன் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிடும் என்பது இன்று தெரிந்த விஷயம். அப்படித் தப்பியவன் மாத்திரையை விழுங்கியிருந்தால், கீர்த்தி மாத்திரைக்குத்தானே?

சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல், படங்களுடன் 1796-ல் லண்டனில் வெளிவந்தது. மறுவருஷமே ஜார்ஜ் ஷா இந்தப் பாம்புக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார். உயிர் காக்க வந்தவருக்கு எமனின் மேல் பெயர்!

மெய்யான மருந்து பிறக்க இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. அதற்கான விஷத்தை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் சேகரிக்கிறார்கள். அப்படியிருந்தும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்தார்.

ஆஸ்பத்திரியில் கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைக்கிறார்கள். உறையாவிட்டால் உடனே மருந்து ஏற்றுகிறார்கள். அதைப் போலப் பல 20 நிமிஷங்களை மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையில் கழித்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.